தென்காசிச் சாலையில் 110 பேருக்கு ஓர் அலுவலகம்: சறுக்குமரம் வைக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று திருநெல்வேலி–தென்காசி சாலையில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தை வாடகைக்குப் பேசியிருக்கிறது. 10,000 சதுர அடி, 110 பேர் உட்கார வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து கூகுள் அலுவலகப் படங்களாக அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். சறுக்குமரம், பீன் பேக், பளிச்சென்ற சுவர்கள், தடுப்பே இல்லாத திறந்த கூடம். நிர்வாகப் பொறுப்பு உங்களுடையது. இதையெல்லாம் இங்கே செய்யலாமா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஊரிலேயே வேலைக்கு வருகிற பிள்ளைகள், தங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு படி குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கட்டடக்கலை படித்துவிட்டு, சென்னை ஓஎம்ஆரில் ஐடி நிறுவனங்களுக்குப் பல வருடம் இன்டீரியர் வேலை செய்தவன். இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்து வேலைகளைப் பார்க்கிறேன். தளவரைபடம், ஒலி, வெளிச்சம், இருக்கை, மரவேலை இவற்றில் எனக்குப் பழக்கம் உண்டு. தளம் எவ்வளவு எடை தாங்கும், தீயணைப்புத் துறையின் அனுமதி எப்படி என்பதற்கெல்லாம் அந்தந்தப் பொறியாளரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அங்கே நான் சொல்வதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இப்படி ஓர் அலுவலகம் நடக்குமா என்ற சந்தேகத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிடலாம். தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் படங்கள். சறுக்குமரம், வழுக்கி இறங்கும் கம்பம், பனிமலைக் கேபிள் காரின் பெட்டியைப் பேச்சறை ஆக்கியது, இவையெல்லாம் 2008-ல் வந்த கூகுளின் சூரிக் அலுவலகத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியவை. அந்தப் படங்கள் காட்டாத ஒன்று உண்டு. அங்கே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிற இடம் அடக்கமானது; வண்ணமும் விளையாட்டும் பொது இடங்களோடு நின்றுவிடும். கலிபோர்னியாவில் கூகுள் தலைமையகத்தின் உள்வடிவமைப்பைச் செய்த கிளைவ் வில்கின்சன், வாழ்க்கை முழுவதையும் அலுவலக வளாகத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும் அந்த மாதிரி ஆபத்தானது என்று 2022-ல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு கூகுள் திறந்த பே வியூ வளாகத்தில் பெரிய கவனம் வேறு பக்கம் போயிருக்கிறது. உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடாமல் முழுக்க வெளிக்காற்றைக் கொண்டுவருகிறார்கள். கூரையின் உயர ஜன்னல்கள் வழியாகப் பகல் வெளிச்சம் மேசை வரைக்கும் இறங்குகிறது. காற்றையும் சத்தத்தையும் படம் பிடிக்க முடியாது. அதனால் உங்களுக்கு வந்த படங்களில் அவை இல்லை. ஆனால் காலையில் வந்து சாயங்காலம் வரைக்கும் உட்காரப்போகிறவருக்கு அவைதான் அலுவலகம்.

திறந்த கூடத்துக்கு வருகிறேன். தடுப்புகளை எடுத்துவிட்டால் ஆட்கள் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள் என்பது புதிய யோசனை இல்லை. 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் அலுவலகத்தைத் தோட்டம்போலப் பரப்பி அமைத்துப் பார்த்தார்கள். 1968-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் பிராப்ஸ்ட் நகர்த்தி மாற்றக்கூடிய தடுப்புகளைக் கொண்டுவந்தார். பின்னால் அதுவே கியூபிக்கிள் என்கிற நெருக்கமான தடுப்பறைகளாகச் சுருங்கியது. அப்புறம் மறுபடியும் திறந்த கூடம் வந்தது. 2015-ல் ஃபேஸ்புக் மென்லோ பார்க்கில் சுமார் 2,800 பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்தது. 2018-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களில் அளந்து பார்த்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடியிருந்தன. இரண்டு நிறுவனங்களை வைத்து எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரை எடுத்தால் பேச்சு தானாகப் பெருகும் என்பதற்கு ஆதாரம் பலவீனம் என்பது நிச்சயம்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. தூரம் கூடக்கூட இருவர் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது, 50 மீட்டருக்கு மேல் கிட்டத்தட்ட அற்றுப்போகிறது என்று தாமஸ் ஆலன் என்பவர் 1970-களில் பொறியாளர்களிடையே அளந்து காட்டினார். ஆயிரக்கணக்கான பேரை வைத்திருக்கிற நிறுவனத்துக்கு அது பெரிய கவலை. அதற்காகத்தான் பெரிய கூடங்களையும் பொதுச் சதுக்கங்களையும் கட்டுகிறார்கள். உங்கள் 10,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர். மூலைக்கு மூலை அளந்தாலே 43 மீட்டர்தான் வரும். ஆட்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைக்கச் செலவழிக்கத் தேவையில்லை. ஒருவர் சத்தம் இன்னொருவர் காதில் விழாமல் பிரித்து வைக்கத்தான் செலவழிக்க வேண்டும்.

சத்தம் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுவது இதைத்தான். தரையில் டைல்ஸ், சுவரில் பெயின்ட், பக்கத்தில் கண்ணாடி, மேலே வெறும் கான்கிரீட், இப்படி ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். எழுந்த ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு சபைன் சூத்திரம் என்று ஒன்று உண்டு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். உங்கள் தளத்துக்கு 3 மீட்டர் உயரம் என்று வைத்தால் கன அளவு சுமார் 2,800 கன மீட்டர். மேலே சொன்ன வெறும் கூடத்தில் ஆட்களையும் நாற்காலிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 3 விநாடிக்குப் பக்கத்தில் வருகிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் எழுகிற இரைச்சல் அந்த ரகம். அதே கூடத்தில், கூரையின் முக்கால் பங்குக்கு மேல் நல்ல மினரல் ஃபைபர் பலகை போட்டால், அதாவது தன்மேல் படும் ஒலியில் 70 சதவீதத்தை விழுங்கும் என்ஆர்சி 0.7 ரகம், முக்கால் விநாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கிற கூடங்களில் இந்தச் சூத்திரம் துல்லியமாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. பொய்க்கூரை போடாமல் கான்கிரீட்டுக்குக் கறுப்பு அடித்து, குழாய்களையெல்லாம் தெரியவிடுவது இப்போது நாகரிகமாக இருக்கிறது. செய்யலாம், தப்பில்லை, அப்படியானால் மேசைகளுக்கு மேலே ஒலி உறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிட்டே ஆக வேண்டும். அந்த இரண்டாவது செலவை யாரும் முதலில் சொல்வதில்லை.

கூடவே பேச்சறைகள். வேலை முடிந்து திறப்பு விழாவும் ஆன பிறகு எனக்கு வருகிற புகார்களில் அதிகமானது, பக்கத்து அறையில் பேசுவது இங்கே கேட்கிறது என்பதுதான். காரணம் அநேகமாக ஒன்றே. தடுப்புச் சுவரைப் பொய்க்கூரையோடு நிறுத்தியிருப்பார்கள்; ஒலி மேலே ஏறி, பொய்க்கூரைக்கு மேலுள்ள இடைவெளி வழியாக அடுத்த அறைக்கு இறங்கும். தடுப்பு தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரைக்கும் போக வேண்டும், உள்ளே ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) அடைக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் இதை வரைபடத்தில் எழுதியே கொடுங்கள், பொய்க்கூரை மூடுவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். முழுக் கண்ணாடி அறை பார்க்க அழகு. கதவுக்கடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போட்ட பணம் அந்த வழியாகவே போய்விடும். கண்ணாடியில் கண் உயரத்தில் பட்டையோ புள்ளியோ கட்டாயம் ஒட்டுங்கள். ஆப்பிளின் புதிய வளாகத்திலேயே ஊழியர்கள் கண்ணாடிச் சுவரில் முட்டிக் காயப்பட்ட செய்தி 2018-ல் வந்தது.

அறைகளின் எண்ணிக்கையில் என் அனுபவத் தீர்ப்பு இது. 12 பேர் உட்காரும் பெரிய அறை ஒன்று போதும். அதைப் பெரும்பாலும் இரண்டு பேர்தான் பிடித்து வைத்திருப்பார்கள். 6 பேர் அறை இரண்டு. ஒருவர் அல்லது இருவர் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ அழைப்பு பேசுவதற்குச் சின்ன அறைகள் குறைந்தது ஆறு வேண்டும். 2020-க்குப் பிறகு பாதிப் பேச்சு திரை வழியாகத்தான் நடக்கிறது. உங்கள் ஆட்களின் குழுத் தலைவர் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார். சின்ன அறைகளுக்குத் தனியாகக் காற்று வரும் வழி வையுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் புழுங்கி, கதவைத் திறந்துவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது வெயில். இதில் திருநெல்வேலிச் சீமைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து வரைகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது, அதனால் கணினி வேலைக்கு வடக்கு வெளிச்சம் உத்தமம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். அது வடக்கே தள்ளியிருக்கிற நாடுகளுக்குச் சொன்னது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 டிகிரியில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. ஆக சித்திரைக் கத்திரியிலிருந்து ஆவணி வரைக்கும் வெயில் உங்கள் வடக்கு ஜன்னல் பக்கம்தான். நண்பகலில் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால் மறைத்துவிடலாம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருகிற வெயிலுக்குப் பக்கவாட்டுத் தடுப்பும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னலில் உள்ளே வரைக்கும் வரும். மேற்கு எப்போதும் தொந்தரவுதான். மேற்குப் பக்கம் படிக்கட்டு, கழிவறை, ஸ்டோர், யுபிஎஸ் அறை இவற்றைத் தள்ளிவிட்டு, மேசைகளை மற்ற பக்கங்களுக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பக்கமானாலும் கணினித் திரை ஜன்னலைப் பார்த்தும் இருக்கக் கூடாது, ஜன்னலுக்கு முதுகு காட்டியும் இருக்கக் கூடாது; குறுக்காக இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும். கணக்கில்லாமல் எல்இடி பேனல்களைப் பொருத்திப் பட்டப்பகலாக்குவது கண்ணுக்கு நல்லதில்லை.

உங்களுடையது மேல்தளம் என்பதை மறக்காதீர்கள். கோடையில் நாள் முழுக்கக் காய்ந்த கான்கிரீட், இருட்டின பிறகும் உள்ளே அனல் விட்டுக்கொண்டிருக்கும். ஏசி எவ்வளவு டன் என்று பேசுவதற்கு முன்னால் மொட்டை மாடியைப் பாருங்கள். பழைய முறையில் தட்டோடு பதித்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வெப்பத் தடுப்புப் பலகை போட்டு அதன்மேல் வெள்ளை ஓடு பதிக்கலாம். அதற்கு முடியாவிட்டால் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். இது செய்த பிறகு ஏசியின் அளவே குறையும். இந்தியாவில் விற்கும் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியில் வைத்தே வருகின்றன. வெயிலில் வண்டி ஓட்டி வருகிற நம் ஆட்களுக்கு 24, 25 தாராளம். 20-ல் வைத்துவிட்டு, ஏசிக்கு நேர் கீழே இருக்கிற பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்வதை நான் பார்த்த அலுவலகங்களில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். காற்றை ஒரே இடத்தில் கொட்டாமல் பரப்பிவிடும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றில் இன்னொரு விஷயம். சாதாரண ஸ்பிளிட் ஏசியும் கேசட் ஏசியும் உள்ளே இருக்கிற காற்றைத்தான் குளிர்வித்துச் சுற்றிவிடுகின்றன, வெளியிலிருந்து புதுக் காற்று எடுப்பதில்லை. ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கத்தின் தரக்கணக்குப்படி ஆளுக்கு நிமிடம் 5 கன அடியும், சதுர அடிக்கு 0.06 கன அடியும் வெளிக்காற்று வேண்டும். உங்களுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 1,150 கன அடி வருகிறது. அதற்கென்று வடிகட்டியோடு தனி இயந்திரம் வைக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்கைத் தாண்டினால் மூளை மந்தமாகிவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, நான் அதை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அளவு ஏறினால் காற்று சரியாக மாறவில்லை என்பது நிச்சயம். சின்ன அளவுமானி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் வாக்குவாதம் தேவையிருக்காது.

சரி, இடத்தை எப்படிப் பிரிப்பது? தலைமை அலுவலகம் அனுப்பிய படங்களை ஓரமாக வைத்துவிட்டு, திருநெல்வேலி டவுனில் பழைய வீடு ஒன்றைப் பாருங்கள். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். திண்ணையை அடுத்த தார்சாவில் வந்தவர்களோடு பேச்சு. பட்டாசல் என்கிற கூடத்தில் வீட்டாள்களின் புழக்கம். இரண்டாங்கட்டுக்குப் போனால் தெருச் சத்தம் கேட்காது. வாசலிலிருந்து உள்ளே போகப்போக அமைதி கூடும், எந்தப் பலகையும் எழுதி மாட்டாமலே. உங்கள் தளத்தையும் அப்படி அடுக்குங்கள். லிஃப்ட் பக்கம் வரவேற்பு, நேர்முகத் தேர்வு அறை, சாப்பாட்டு இடம். அடுத்து ஆதரவுக் குழு, விற்பனைக் குழு போல ஃபோனில் பேசிக்கொண்டே இருப்பவர்கள். அதற்கடுத்துச் சின்ன அறைகளை ஒரு வரிசையாக நிறுத்தினால் அவையே ஒலிக்குத் தடுப்பாகும். அதற்கு அப்பால், கடைசியில், நிரல் எழுதுகிறவர்கள். அந்தப் பகுதி வழியாக யாரும் கடந்து போகக் கூடாது. டீ இயந்திரத்துக்கோ பிரின்டருக்கோ போகிற வழி அங்கே வந்துவிட்டால் முழு அடுக்கும் கெட்டுவிடும்.

ஊர் சார்ந்த சில தேவைகள் எந்த வெளிநாட்டுப் படத்திலும் இருக்காது. சாரல் காலத்தில் பாதிப் பேர் இரு சக்கர வண்டியில் நனைந்து வருவார்கள். மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் தொங்கவிட, கீழே தண்ணீர் வடிய ஓர் இடம் வாசலிலேயே வேண்டும். இல்லாவிட்டால் அவை நாற்காலி முதுகில் தொங்கும். ஆனி ஆடிக் காற்றில் மேற்குப் பார்த்த வாசல் புழுதியை அள்ளிக் கொட்டும். அடுத்தடுத்து இரண்டு கதவு வைத்த சின்ன முன்னறை அதைத் தடுக்கும். முக்கால்வாசிப் பேர் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவார்கள். குழம்பு வாசனை கூடத்துக்குள் பரவாதபடி சாப்பாட்டு இடத்துக்குத் தனியாக வெளியேற்று விசிறி, கையால் சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டிய அளவு கை கழுவும் குழாய்கள். ஒரே ஒரு சிங்க் வைத்துவிட்டு ஒன்றரை மணிக்கு வரிசை நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கழிவறை, பெண்களுக்கு 15 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு 25 பேருக்கு ஒன்று என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்பது மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. கட்டடத்துக்குள்ளேயே முடியாவிட்டாலும் பக்கத்திலாவது ஏற்பாடு செய்ய வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிடுகிற பெண்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சறுக்குமரத்துக்கு ஒதுக்கிய இடத்தையும் பணத்தையும் இதற்குக் கொடுக்கச் சொல்லி நான் மன்றாடுவேன்.

நாற்காலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மேசை சாதாரணப் பலகையில் இருந்தாலும் பரவாயில்லை. அமேசான் தொடங்கிய காலத்தில் கதவுப் பலகையில் கால் பொருத்தித்தான் மேசை செய்தார்கள். நாற்காலி உயரம், முதுகுச் சாய்வு, கைப்பிடி மூன்றும் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கிற ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மேசை 750 மில்லிமீட்டர் உயரம்; அதற்கேற்ப நாற்காலியை ஏற்றினால் அவருக்குக் கால் தரையில் பாவாது. கால்மணை கொடுக்க வேண்டும், அல்லது மேசை உயரத்தைக் கொஞ்சம் குறைத்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்ப் பொருள்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பத்தமடைக் கோரைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. சட்டத்தில் பொருத்தி வரவேற்புச் சுவரில் மாட்டினால் வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். ஆனால் அது சத்தத்தை உறிஞ்சும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். மெல்லிய பாய் தனியாக அதிகம் உறிஞ்சாது. பின்னால் இரண்டங்குல ராக்வுல் வைத்து, முன்னால் காற்று நுழையும்படி நெகிழ்வாக நெய்த பாயைப் போர்த்தினால் பயன் உண்டு. வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும். நெருக்கி நெய்த பட்டுப்பாய் பார்வைக்குத்தான். செடித் தொட்டிகளுக்குக் காருகுறிச்சி மண்பாண்டம் நன்றாக இருக்கும். தரைக்குக் கம்பளம் வேண்டாம் என்பேன்: சனி ஞாயிறு ஏசி நின்றிருக்க, சாரல் ஈரத்தில் திங்கட்கிழமை காலை வாடை அடிக்கும். வினைல் ஓடு நடைச் சத்தத்தைக் குறைக்கும், துடைக்கவும் எளிது.

செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்பது 1989-ல் நாசா செய்த சோதனையிலிருந்து பரவியது. அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. உண்மையான அறைக்கு அந்தப் பலன் கிடைக்க நடைமுறையில் முடியாத அளவு செடிகள் வேண்டும் என்று 2019-ல் வந்த ஒரு மறுஆய்வு காட்டியது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக வையுங்கள், அது போதுமான காரணம். சுவர் வண்ணத்தால் வேலைத்திறன் கூடும் என்பதும் உறுதியில்லாத பேச்சு. கணினித் திரைக்குப் பின்னால் தெரிகிற சுவர் மட்டும் வெளிர் நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்கட்டும். நிறுவனத்தின் வண்ணங்களைச் சாப்பாட்டு இடத்திலும் வரவேற்பிலும் ஆசை தீரப் பூசுங்கள், தலைமை அலுவலகத்துக்கும் படம் கிடைத்துவிடும். சறுக்குமரம், ஒரே தளத்தில் எங்கிருந்து எங்கே சறுக்குவது? பதிலாக ஒரு கேரம் மேசையும், மாடியில் நிழற்கூரை போட்டுச் சாயங்காலம் மேற்கு மலையைப் பார்த்து உட்கார ஒரு நீளத் திண்ணையும் கட்டுங்கள். அந்த மலை தெரிவதை எந்தப் பெருநகர வளாகமும் தர முடியாது.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கட்டட உரிமையாளரிடம் நான்கு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். மாடிக்கு வெப்பத் தடுப்பு யார் செலவு. ஏசியின் வெளி யூனிட்டுகளையும் ஜெனரேட்டரையும் எங்கே வைக்க அனுமதி. யுபிஎஸ் பேட்டரிகள் ஏறத்தாழ ஒரு டன் எடை ஒரு சின்ன அறைக்குள் குவியும், தளம் அதைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்று. இரண்டாவது படிக்கட்டு, அது முதல் படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா, கீழ்த்தளக் கடைக்காரர் அதில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறாரா என்பது. கடைசியில் சொன்னதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடையாள அட்டை வைத்துத் திறக்கும் கதவுகள், தீ எச்சரிக்கை மணி அடித்ததும் தானாக விட்டுவிட வேண்டும். மின்சாரம் போனாலும் உள்ளிருந்து கையால் தள்ளினால் திறக்க வேண்டும். இரண்டாவது படி இல்லாத கட்டடம் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். இருக்கிறது என்றால், வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்த தளவரைபடத்தையும், தரையிலிருந்து பீம் அடிவரைக்கும் உள்ள உயரத்தையும் இங்கேயே போடுங்கள். மேசை வரிசைகளை நானே வரைந்து காட்டுகிறேன்.